அஜைல் முறைக்கு மாறும் மென்பொருள் அணியை வழிநடத்துவது எப்படி

சென்னையிலும் கோயம்புத்தூரிலும் உள்ள மென்பொருள் சேவை நிறுவனங்களில், வேலையைச் சிறு சிறு பகுதிகளாக முடித்துக் காட்டி, கருத்துக் கேட்டுத் திருத்திக்கொண்டே போகும் அஜைல் முறை பெரும்பாலும் மேலிடத்து அறிவிப்பாகவே அணிகளை வந்தடைகிறது. அமெரிக்காவில் உள்ள வாடிக்கையாளர் நிறுவனம் தன் பணிமுறையை மாற்றிக்கொள்கிறது. அதற்காக வேலை செய்யும் இங்குள்ள அணியும் அடுத்த மாதம் முதல் ஸ்பிரின்ட் எனப்படும் இரண்டு வாரப் பணிச் சுற்றுகளில் இயங்க வேண்டும் என்று மின்னஞ்சல் வருகிறது. இரண்டு நாள் பயிற்சி வகுப்பு நடக்கிறது, வேலைகளைப் பதிவு செய்யும் ஜிரா மென்பொருளில் அவற்றின் நிலையைக் காட்டும் புதிய பலகை திறக்கப்படுகிறது, தினமும் ஒரு கூட்டம் தொடங்குகிறது. சில மாதங்கள் கழித்துப் பார்த்தால் கூட்டங்களின் எண்ணிக்கை கூடியிருக்கும்; ரிலீஸுக்கு முந்தைய வாரத்தின் பதற்றமும் இரவு வேலையும் முன்பிருந்தபடியே இருக்கும். அஜைல் கோச் எனப்படும் பயிற்சியாளரை அழைப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். அத்தகைய பொறுப்பை முதன்முறையாக ஏற்கும் ஒருவர் என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். அணியின் தயக்கத்துக்குப் பின்னால் அநேகமாக எப்போதும் நியாயமான ஒரு காரணம் இருக்கிறது என்பதும், அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்து அகற்றாமல் முறையைப் பற்றி எவ்வளவு போதித்தாலும் பயனில்லை என்பதும் இதில் சொல்லப்படும் அனைத்துக்கும் அடிப்படை.

தொடங்கும் முன், எது விதி, எது பழக்கம் என்பதில் பயிற்சியாளருக்குத் தெளிவு வேண்டும். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்னும் மலைவாசத்தலத்தில் 17 பேர் கூடி வெளியிட்ட அஜைல் பிரகடனத்தில் நான்கு மதிப்பீடுகளும் அவற்றோடு இணைந்த பன்னிரண்டு கோட்பாடுகளும் மட்டுமே உள்ளன. செயல்முறைகளையும் கருவிகளையும் விட மனிதர்களும் அவர்களுக்கிடையிலான உரையாடலும், விரிவான ஆவணங்களை விட இயங்கும் மென்பொருளும், ஒப்பந்தப் பேரத்தை விட வாடிக்கையாளரோடு சேர்ந்து உழைப்பதும், திட்டத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதை விட மாற்றத்துக்கு ஈடுகொடுப்பதும் முக்கியம் என்பதே அதன் சாரம். ஸ்பிரின்ட், தினக்கூட்டம் முதலியவை அஜைல் வகை முறைகளில் ஒன்றான ஸ்க்ரம் முறையைச் சேர்ந்தவை. கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லேண்டும் அதை 1995-லேயே ஒரு மாநாட்டில் முன்வைத்துவிட்டார்கள். 2020 நவம்பரில் வெளியான ஸ்க்ரம் வழிகாட்டி பதினைந்து பக்கங்களைக்கூட எட்டாத சிறிய ஆவணம். அதில் வேலையின் பருமனைக் குறிக்கும் ஸ்டோரி பாயின்ட் இல்லை, ஒரு ஸ்பிரின்ட்டில் முடியும் பாயின்ட்டுகளின் கூட்டான வெலாசிட்டி இல்லை, ஜிராவும் இல்லை. அணிக்குச் சுமையாக இருக்கும் ஒரு வழக்கத்தை "இது அஜைல் விதி" என்று யாராவது சொல்லும்போது, அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று பொறுமையாகத் தேடிக் காட்டுவதால் தீரும் சச்சரவுகள் பல.

முதல் இரண்டு வாரம்: பார்த்தல், கேட்டல்

முதல் இரண்டு வாரங்களில் எதையும் மாற்றாதீர்கள். அண்மையில் முடிந்த ஏதேனும் ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, அது வாடிக்கையாளரின் கோரிக்கையாக வந்த நாள் முதல் பயனரின் கைக்குப் போன நாள் வரை எங்கெல்லாம் இருந்தது என்பதை அணியினரோடு உட்கார்ந்து ஒரு நீளமான தாளில் வரையுங்கள். கோட் எனப்படும் நிரலை எழுத மூன்று நாள், அதைச் சக டெவலப்பர் பார்த்து ஒப்புதல் தர நான்கு நாள் காத்திருப்பு, டெஸ்ட் சர்வர் கிடைக்க ஒரு வாரம், வாடிக்கையாளர் தரப்பில் ஒரு சந்தேகத்துக்குப் பதில் வர ஐந்து நாள் என்று வரைந்துகொண்டே போனால், வேலை நடந்த நாட்களை விட வேலை காத்துக்கிடந்த நாட்கள் பல மடங்கு என்பது அங்கிருக்கும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். இந்த ஒரு தாள், அணியின் வேகக் குறைவுக்கு யாருடைய சோம்பலும் காரணமல்ல என்பதை எந்தச் சொற்பொழிவையும் விட உறுதியாக நிறுவிவிடும். குற்றம் சாட்டப்படுவோமோ என்ற அச்சத்துடன் வந்து உட்கார்ந்தவர்கள் அதன் பிறகு பேசத் தொடங்குவார்கள்.

இதே காலத்தில் அணியிலுள்ள ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சந்தியுங்கள். அஜைல் பற்றிய கருத்தைக் கேட்க வேண்டாம், "போன வாரம் உங்களுக்கு எது அதிக எரிச்சலைத் தந்தது?", "எந்த வேலையைச் செய்யும்போது இது வீண் என்று தோன்றுகிறது?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்வது பெயருடன் வெளியே போகாது என்று உறுதி கூறுங்கள், அதை ஒருமுறைகூட மீறாதீர்கள். டெஸ்டர்களையும், கல்லூரி முடித்து வந்து ஓராண்டுகூட ஆகாத புதியவர்களையும் விட்டுவிட வேண்டாம்; அணியின் உண்மையான நிலையை அதிகம் அறிந்தவர்கள் பெரும்பாலும் கூட்டத்தில் குறைவாகப் பேசுபவர்கள்தாம்.

மேலாளருடனான உரையாடலுக்கு மிகுந்த கவனம் தேவை. ஸ்க்ரம் அணியில், எதைச் செய்ய வேண்டும் என்று முடிவு செய்யும் ப்ராடக்ட் ஓனர், முறை சரியாக நடக்கத் துணைநிற்கும் ஸ்க்ரம் மாஸ்டர், மென்பொருளை உருவாக்கும் டெவலப்பர்கள் என்ற மூன்று பொறுப்புகள் மட்டுமே உண்டு. ப்ராஜெக்ட் மேனேஜர் என்ற பொறுப்பு இல்லை. பத்துப் பதினைந்து ஆண்டு உழைத்து அந்தப் பதவிக்கு வந்த ஒருவர் இதை எப்படிப் புரிந்துகொள்வார் என்று எண்ணிப் பாருங்கள். வேலை பறிபோகும் என்ற அச்சத்தில் இருப்பவரிடம் தன்னாட்சியுள்ள அணியின் நன்மைகளை விளக்கினால் அவர் தலையசைப்பார், ஆனால் ஒத்துழைக்க மாட்டார். அவருக்கு உண்மையான வேலை ஒன்றைக் காட்டுங்கள். மேலே சொன்ன தாளில் உள்ள காத்திருப்புகளில் பாதி, அணியினரின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டவை: சர்வர் அனுமதி, வாடிக்கையாளர் நிறுவனத்தின் விபிஎன் கணக்கு, இன்னொரு துறையின் ஒப்புதல். இவற்றை நீக்கும் செல்வாக்கு அவரிடம் மட்டுமே இருக்கிறது. எந்தத் தடையை எத்தனை நாளில் நீக்கினார் என்பது பலகையில் எல்லோருக்கும் தெரியும்படி இருந்தால், அவருக்கு மதிப்புள்ள இடம் கிடைத்துவிடும். அதற்கு ஈடாக இரண்டு உடன்பாடுகளைக் கேட்டுப் பெறுங்கள்: தினக்கூட்டத்தில் கேள்வி எழுப்பாமல் இருப்பது, அணி தன் பணிமுறையைத் தானே ஆராயும் ரெட்ரோஸ்பெக்டிவ் கூட்டங்களில் முதல் சிலவற்றுக்கு வராமல் இருப்பது.

கையிலுள்ள வேலையைக் குறைத்தல்

முதல் மாற்றமாக ஸ்க்ரமின் எல்லாக் கூட்டங்களையும் ஒரே நாளில் தொடங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. ஒரே நேரத்தில் திறந்துகிடக்கும் வேலைகளின் எண்ணிக்கையைக் குறைப்பதிலிருந்து தொடங்குங்கள். அணி உணரக்கூடிய நிம்மதியை மிக விரைவாகத் தருவது அதுதான்.

இதற்குப் பின்னால் எளிய கணக்கு ஒன்று உண்டு. 1961-இல் ஜான் லிட்டில் நிறுவிய காத்திருப்பு வரிசைகளைப் பற்றிய விதியின்படி, ஒரு வேலை முடிய ஆகும் சராசரிக் காலம் என்பது கையிலுள்ள வேலைகளின் எண்ணிக்கையை, முடியும் வேகத்தால் வகுத்தால் கிடைப்பது. அணியின் கையில் 12 வேலைகள் இருந்து வாரத்துக்கு 4 முடிகின்றன என்றால், ஒரு வேலை முடியச் சராசரியாக மூன்று வாரம் ஆகும். அதே வேகத்தில் கையிருப்பை மட்டும் 6 ஆகக் குறைத்தால் அது ஒன்றரை வாரமாகிவிடும். யாரும் கூடுதலாக ஒரு மணி நேரம்கூட உழைக்கத் தேவையில்லை. இந்தக் கணக்கை வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டுங்கள். பொறியாளர்கள் கணக்கை மதிப்பவர்கள்.

நடைமுறையில் எதிர்ப்பு வேறு திசையிலிருந்து வரும். ஒரு டெவலப்பரின் வேலை வாடிக்கையாளரின் பதிலுக்காக நிற்கிறது. அவர் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது என்று புதிதாக ஒன்றை எடுக்கிறார். சேவை நிறுவனத்தில் ஒவ்வொரு மணி நேரமும் வாடிக்கையாளருக்குக் கணக்குக் காட்டப்படுவதால், சும்மா இருப்பதாகத் தெரிவது அவருக்கு ஆபத்து. ஆகவே "புதியதை எடுக்காதீர்கள்" என்று சொல்வதோடு நிறுத்தாமல், நிற்கும் நேரத்தில் செய்யத் தக்கவற்றை அணியே முன்கூட்டிப் பட்டியலிடச் செய்யுங்கள்: சகா எழுதிய கோட்-ஐப் பார்ப்பது, டெஸ்டருடன் சேர்ந்து சோதிப்பது, தானியங்கி சோதனை ஒன்று எழுதுவது. அந்த நேரங்களும் முறையான பணி நேரமாகவே பதிவு செய்யப்படும் என்று மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். அவர் அதைச் சொல்லாத வரை கையிருப்புக்கு வைத்த வரம்பு காகிதத்தில் மட்டுமே இருக்கும்.

தினக்கூட்டம் அறிக்கை வாசிப்பாகும்போது

பதினைந்து நிமிடத் தினக்கூட்டம், அணியினர் அன்றைய வேலையைத் தமக்குள் திட்டமிட்டுக்கொள்வதற்கானது. நம் அலுவலகங்களில் அது வெகு விரைவில் மேலாளரிடம் ஒவ்வொருவராக ஒப்பிக்கும் நிகழ்ச்சியாகிவிடுகிறது. நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், என்ன தடை என்ற மூன்று கேள்விகள் அதற்கு வசதியாக அமைந்துவிடுகின்றன. 2020 வழிகாட்டியில் அந்த மூன்று கேள்விகளும் நீக்கப்பட்டுவிட்டன என்பது பலருக்கு இன்னும் தெரியாது.

இதை மாற்ற, ஆட்களின் வரிசையில் போகாமல் வேலைகளின் வரிசையில் போங்கள். பலகையின் வலது கோடியில், முடிவுக்கு மிக அருகில் உள்ள வேலையிலிருந்து தொடங்கி, "இது இன்றே முடிய என்ன வேண்டும், யார் கை கொடுக்கலாம்?" என்ற ஒரே கேள்வியை ஒவ்வொன்றுக்கும் கேட்டபடி இடப்பக்கம் நகருங்கள். நேரம் தீர்ந்துபோனால் தொடங்கப்படாத வேலைகள்தாம் விடுபடும், அதனால் நட்டமில்லை. யாராவது உங்களைப் பார்த்தோ மேலாளரைப் பார்த்தோ ஒப்பிக்கத் தொடங்கினால், நீங்கள் பலகையைப் பாருங்கள். பேசுபவரின் பார்வையும் தானாகவே அங்கே திரும்பும். வீட்டிலிருந்து இணையவழியில் சேர்பவர்கள் அதிகமுள்ள அணியில் பலகையைத் திரையில் காட்டி, ஒருவர் முடித்ததும் அடுத்தவரை அவரே அழைக்கச் சொல்லலாம்.

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரே அணியில் தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி பேசுபவர்கள் இருப்பதால் பொது மொழி ஆங்கிலமாக இருப்பது இயல்பு. ஆனால் ஆங்கிலத்தில் தயக்கமின்றிப் பேசுபவர்களின் கருத்தே எப்போதும் வெல்கிறது என்பதைக் கவனியுங்கள். வடிவமைப்புச் சிக்கலை இருவர் தமிழில் விவாதித்துத் தீர்த்துவிட்டு முடிவை மட்டும் எல்லோருக்கும் ஆங்கிலத்தில் சொல்வது முறையானதே என்று வெளிப்படையாக அறிவியுங்கள். அதுவரை வாய் திறக்காத ஒருவரிடமிருந்து சிறந்த யோசனை வருவது அப்போதுதான்.

வேலையைக் குறுக்காகப் பிரிக்கக் கற்றுக்கொடுத்தல்

பயிற்சியாளர் மிக அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுவே. ஸ்பிரின்ட் முடிவில் "90 சதவீதம் முடிந்துவிட்டது" என்று நிற்கும் வேலைகள் குவிவதற்கும், டெஸ்டர்கள் கடைசி இரண்டு நாளில் திணறுவதற்கும், வாடிக்கையாளருக்குக் காட்ட ஒன்றும் இல்லாமல் போவதற்கும் மூலகாரணம் வேலைகள் பெரிதாக இருப்பதும் தவறாகப் பிரிக்கப்படுவதுமே ஆகும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். அமெரிக்க வாகனக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்காக, விபத்து இழப்பீட்டுக் கோரிக்கையை இணையத்தில் பதிவு செய்யும் வசதியை அணி உருவாக்க வேண்டும். பழக்கப்பட்ட அணி இதைத் தரவுத்தள அட்டவணைகள், பின்புலச் சேவைகள், திரை வடிவம், இணைப்பு என்று அடுக்கடுக்காகப் பிரிக்கும். ஒவ்வோர் அடுக்குக்கும் தனித்தனி ஆட்கள் இருப்பதால் இந்தப் பிரிவினை அவர்களுக்கு இயல்பாகத் தோன்றுகிறது. ஆனால் நான்கு அடுக்குகளும் முடியும் வரை பயனர் செய்யக்கூடியது எதுவுமில்லை. டெஸ்டர் சோதிக்கக்கூடியதும் எதுவுமில்லை. அடுக்குகளை இணைக்கும் வாரத்தில் எல்லாத் தவறான புரிதல்களும் ஒன்றாக வெளிப்படுகின்றன.

இதற்கு மாறாக, "பயனர் ஒருவர் முழுமையாகச் செய்து முடிக்கக்கூடிய மிகச் சிறிய காரியம் எது?" என்று கேளுங்கள். முன்கண்ணாடி மட்டும் உடைந்த கோரிக்கையை எடுத்துக்கொள்ளலாம். யாருக்கும் காயமில்லை, இன்னொரு வாகனம் சம்பந்தப்படவில்லை, யார் மீது தவறு என்ற விசாரணையும் தேவையில்லை. அதிலும் முதல் துண்டில் புகைப்படம் ஏற்றும் வசதி வேண்டாம்; பாலிசி எண், தேதி, சிறு விவரம் ஆகியவற்றை உள்ளிட்டால் கோரிக்கை எண் கிடைக்க வேண்டும், அவ்வளவே. குறுக்காக வெட்டிய இந்தத் துண்டு திரையிலிருந்து தரவுத்தளம் வரை எல்லா அடுக்குகளையும் தொட்டுச் செல்கிறது, ஆனால் ஒவ்வொன்றிலும் கொஞ்சமே. அடுத்த துண்டில் புகைப்படம், அதற்கடுத்து ஒரே வாகனம் மோதிய விபத்து, பிறகு இரண்டு வாகன விபத்து, காயம் ஏற்பட்டவை என்று வளர்த்துக்கொண்டு போகலாம். முதல் துண்டு ஒரே வாரத்தில் வாடிக்கையாளர் கண்முன் இயங்கினால், அவர் தரும் கருத்து மற்ற எல்லாத் துண்டுகளையும் திருத்திவிடும்.

இந்தப் பிரிப்பை நீங்களே செய்து கொடுக்காதீர்கள். முதல் முறை நீங்கள் செய்து காட்டலாம். இரண்டாம் முறை அணியோடு சேர்ந்து செய்யுங்கள். மூன்றாம் முறை அவர்கள் செய்யும்போது கேள்வி மட்டும் கேளுங்கள். "இந்த விதி இல்லாமல் முதலில் கொடுத்தால் யாருக்கு நட்டம்?", "தவறான பாலிசி எண் கொடுத்தால் என்ன ஆக வேண்டும் என்பதைத் தனித் துண்டாக்கலாமா?" என்பவை போன்ற கேள்விகள் போதும். மூத்த டெவலப்பர் ஒருவர், "இப்படிச் செய்தால் அதே கோடை நான்கு முறை தொட வேண்டியிருக்கும்" என்பார். அவர் சொல்வது சரியே. அந்தச் செலவு உண்டு என்று ஒப்புக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து மொத்தத்தையும் ஒருமுறை தொடுவதன் செலவோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதே கோடை அச்சமின்றி நான்கு முறை தொட வேண்டுமானால் தானியங்கி சோதனைகள் வேண்டும் என்ற இடத்துக்கு அந்த உரையாடல் தானாகவே வந்து சேரும்.

சோதனைகள் இல்லாமல் ஸ்பிரின்ட் இல்லை

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இயங்கும் மென்பொருளைத் தர வேண்டுமென்றால், பழையது எதுவும் உடையவில்லை என்பதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையேனும் உறுதிசெய்ய முடிய வேண்டும். இப்படி உறுதிசெய்யும் ரெக்ரஷன் சோதனை முழுவதற்கும் மூன்று வாரம் ஆகும் அணியிடம் கூட்ட ஒழுங்கைப் பற்றி எவ்வளவு பேசினாலும் அந்தக் கணக்கு நேராகாது. ஸ்க்ரம் இதைப் பற்றி மௌனமாக இருக்கிறது. அஜைல் முறைகளில் இன்னொன்றான, கென்ட் பெக்கின் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் முறைதான் சோதனையை முன்னதாக எழுதுவது, எல்லோருடைய கோடையும் அடிக்கடி ஒன்றிணைப்பது, இருவர் சேர்ந்து எழுதுவது ஆகியவற்றை நடுநாயகமாக வைத்தது. கோட் பற்றிய அறிவு இல்லாத பயிற்சியாளர், அது உள்ள ஒருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பத்தாண்டு பழைய கோடுக்கு முழுவதும் சோதனை எழுதுவோம் என்று தொடங்கும் முயற்சிகள் நிலைப்பது அரிது. இந்த ஸ்பிரின்ட்டில் தொடப்போகும் பகுதிக்கு மட்டும், அது இப்போது எப்படி நடந்துகொள்கிறதோ அப்படியே பதிவு செய்யும் சோதனைகளை எழுதிவிட்டு மாற்றம் செய்வது என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி மாறும் பகுதிகளில் சோதனைகள் வேகமாகச் சேர்ந்துவிடும். யாரும் தொடாத பகுதிகளுக்கு அவசரமில்லை. டெஸ்டரை வேலையின் முதல் நாளிலேயே கொண்டு வாருங்கள். வாடிக்கையாளரின் தேவையை அறிந்தவர், டெவலப்பர், டெஸ்டர் ஆகிய மூவரும் கோட் எழுதும் முன்பு அரை மணி நேரம் அமர்ந்து, "பாலிசி காலாவதியாகி இரண்டு நாள் ஆகியிருந்தால்?" என்பது போன்ற உதாரணங்களை எழுதிக்கொண்டால், பின்னால் பக், அதாவது பிழை, என்று பதிவாகும் பலவும் முளைக்கும் முன்பே நின்றுவிடும். பல நிறுவனங்களில் டெஸ்டர்கள் வேறொரு பிரிவின் மேலாளரின் கீழ் இருக்கிறார்கள், பக் எண்ணிக்கையை வைத்தே மதிப்பிடப்படுகிறார்கள். அங்கே முன்கூட்டியே பக்கைத் தடுப்பவர் தன் மதிப்பெண்ணைத் தானே குறைத்துக்கொள்கிறார். அந்தப் பிரிவின் மேலாளரைச் சந்தித்துப் பேசுவதும் உங்கள் பணியில் அடங்கும்.

மதிப்பீடும் எண்களும்

ஸ்டோரி பாயின்ட் என்பது அணி தனக்குள் ஒரு வேலையின் பருமனைப் பேசிக்கொள்ள உதவும் அளவு. இரண்டு அணிகளின் வெலாசிட்டியை ஒரே வரைபடத்தில் போட்டு நிர்வாகத்துக்குக் காட்டிய அடுத்த மாதமே பாயின்ட்டுகள் வீங்கத் தொடங்கும். முன்பு 3 என்றிருந்த வேலை 5 ஆகும். அணியை நேர்மையற்றவர்கள் என்று சொல்ல இதில் இடமில்லை, அளக்கப்பட்டதைத் தந்திருக்கிறார்கள். அந்த வரைபடத்தை நிறுத்தும்படி நிர்வாகத்தைக் கேளுங்கள், கேட்கும்போதே மாற்றையும் கையில் கொண்டு போங்கள். ஒவ்வொரு வேலையும் தொடங்கிய தேதி, முடிந்த தேதி ஆகிய இரண்டையும் மட்டும் குறித்து வைத்தால், "நாங்கள் தொடங்கும் வேலைகளில் 85 சதவீதம் ஒன்பது நாளுக்குள் முடிகின்றன" என்பது போல அணியால் சொல்ல முடியும். எப்போது கிடைக்கும் என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு வெலாசிட்டியை விட இந்தப் பதில் பயன்படும். இந்த எண் வீங்காது என்பதும், அதைக் குறைக்க ஒரே வழி வேலைகளைச் சிறிதாக்குவதும் கையிருப்பைக் குறைப்பதுமே என்பதும் கூடுதல் நன்மை.

மௌனமான ரெட்ரோஸ்பெக்டிவ்

ஸ்பிரின்ட்டின் இறுதியில் அணி தன் பணிமுறையைத் தானே ஆராயும் கூட்டம் இது. முதல் சில முறை எல்லோரும் "எல்லாம் நன்றாகப் போகிறது" என்பார்கள். மூத்தவர் பேசும் முன் இளையவர் பேசுவது மரியாதைக் குறைவு என்ற வளர்ப்பும், இங்கே சொன்னது ஆண்டு இறுதி மதிப்பீட்டில் எதிரொலிக்கும் என்ற அச்சமும் அந்த மௌனத்தில் கலந்திருக்கின்றன. முதலாவதற்குத் தீர்வு எழுத்து. ஐந்து நிமிடம் யாரும் பேசாமல் ஒவ்வொருவரும் அட்டைகளில் எழுதட்டும்; அட்டைகளைக் கலைத்துவிட்டு நீங்கள் வாசியுங்கள். இரண்டாவதற்குக் குறுக்குவழி கிடையாது. கூட்டத்தில் சொன்ன ஒரு சொல் வெளியே கசிந்து ஒருவருக்குக் கெடுதல் ஆனால், அந்த அணியில் அந்தக் கூட்டம் அன்றோடு முடிந்துவிட்டது என்று கொள்ளலாம். ஆகவே குறிப்புகளைப் பொதுத் தளத்தில் ஏற்றாதீர்கள். முடிவை மட்டும் வெளியிடுங்கள்.

முடிவு ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். எட்டுத் தீர்மானங்கள் எழுதி எதையும் செய்யாத அணி, அடுத்த முறை பேசுவதையே வீண் என்று எண்ணும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கு ஒருவரைப் பொறுப்பாக்கி, மற்ற வேலைகளோடு பலகையில் ஒட்டுங்கள். அடுத்த ரெட்ரோஸ்பெக்டிவ்வை அது நடந்ததா என்ற கேள்வியோடு தொடங்குங்கள். முதல் தீர்மானங்கள் சிறியவையாகவும் அணியின் கைக்குள் அடங்குபவையாகவும் இருப்பது நல்லது. "சகாவின் கோடை 24 மணி நேரத்துக்குள் பார்ப்போம்" என்பது நடந்துவிட்டால், நாம் சொன்னால் மாறுகிறது என்ற நம்பிக்கை பிறக்கும். அந்த நம்பிக்கை வந்த பிறகுதான் பெரிய குறைகளை மேசைக்குக் கொண்டுவர அணிக்குத் துணிவு வரும்.

கடல் கடந்த வாடிக்கையாளர்

இந்தியாவில் கோடைகால நேரமாற்றம் இல்லாததால், நியூயார்க்குக்கும் சென்னைக்கும் இடையிலான வேறுபாடு கோடையில் ஒன்பதரை மணி நேரம், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம். அங்கே காலை 9 மணிக் கூட்டம் இங்கே மாலை 6.30-க்கு நடந்து, நவம்பர் முதல் 7.30-க்குத் தள்ளிப்போகிறது. அலுவலகப் பேருந்து புறப்பட்டுவிட்ட நேரம் அது. வீட்டில் குழந்தைகள் இருப்பவர்களுக்கு ஒவ்வொரு நாளும் சிக்கல். ஆகவே அணியின் தினக்கூட்டத்தைக் காலையிலேயே அணியினர் மட்டும் நடத்திக்கொள்ளட்டும். வாடிக்கையாளருடனான சந்திப்பை வாரத்தில் இரண்டு நாளாகக் குறைத்து, முறை வைத்து இருவர் மட்டும் இருந்தால் போதும். சில வாரங்களுக்கு ஒருமுறை வாடிக்கையாளர் தரப்பும் தன் அதிகாலையைத் தர வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. கூட்டாளிகளாக நடத்தப்படும் அணி கூட்டாளிகளைப் போலவே நடந்துகொள்கிறது.

ப்ராடக்ட் ஓனர் அமெரிக்காவில் இருந்து நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டுமே கிடைக்கிறார் என்றால், அன்றாட முடிவுகளில் எவற்றை வாடிக்கையாளரின் தேவைகளை ஆராய்ந்து எழுதும் இங்குள்ள பிசினஸ் அனலிஸ்ட் தாமே எடுக்கலாம் என்று அவரிடமே கேட்டு எழுத்தில் பெறுங்கள். திரையில் ஒரு புலத்தின் பெயர், பிழைச் செய்தியின் வாசகம் போன்றவற்றுக்காக ஒரு இரவு காத்திருப்பது நின்றாலே வேகம் கூடும்.

ஒப்பந்தத்தைப் பயிற்சியாளரால் மாற்ற முடியாது. நிலையான தொகைக்கு எல்லாத் தேவைகளையும் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திட்டிருந்தால், ஒவ்வொரு மாற்றமும் பேரமாகத்தான் இருக்கும். அந்த எல்லைக்குள்ளும் ஓர் இடம் உண்டு: இன்னும் தொடங்கப்படாத வேலை ஒன்றை எடுத்துவிட்டு அதே பருமனுள்ள புதிய வேலையைக் கூடுதல் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற உடன்பாடு. ஒப்பந்தப் பணிக்குப் பொறுப்பான டெலிவரி மேனேஜரிடம் இதைக் கொண்டு செல்லுங்கள். இரு தரப்புக்கும் நட்டமில்லாததால் பெரும்பாலும் ஏற்கப்படுகிறது.

தொய்வும் விலகலும்

மாற்றத்தின் முதல் சில மாதங்களில் வேலையின் வேகம் குறையும். அமெரிக்கக் குடும்ப நலச் சிகிச்சையாளர் வர்ஜீனியா சாட்டிர், புதியதொன்று நுழைந்ததும் ஒரு குழப்பக் கட்டம் வந்தே தீரும், அதன் பிறகே புதிய நிலை கூடும் என்று மாற்றத்தின் போக்கை வரைந்து காட்டினார். அந்த வரைபடம் மென்பொருள் அணிகளுக்கும் பொருந்துவதால் பயிற்சியாளர்கள் பலர் அதைப் பயன்படுத்துகிறார்கள். தொய்வு வந்த பிறகு விளக்கினால் அது சாக்குப்போக்காகக் கேட்கும். ஆகவே தொடங்கும்போதே நிர்வாகத்திடம் இதைச் சொல்லி, அந்தக் காலத்தில் பெரிய ரிலீஸ் எதுவும் வராதபடி தேதிகளை அமைத்துக்கொள்ளுங்கள். உற்பத்திச் சூழலில் வரும் புகார்களைச் சரிசெய்வதையே முழுநேர வேலையாகக் கொண்ட அணிக்கு ஸ்பிரின்ட் பொருந்தாது என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். ஸ்பிரின்ட் இன்றி வேலைகளை வந்தபடியே நகர்த்தும், கையிருப்பு வரம்புள்ள கான்பான் பலகையே அவர்களுக்குப் போதுமானது.

ஆண்டு மதிப்பீடு தனிநபரை மட்டுமே அளக்கிற வரை, சகாவுக்கு உதவியவர் இழப்பவராகவே இருப்பார். மனிதவளத் துறையின் முழு முறையையும் மாற்றுவது நீண்ட காலப் பணி. ஆனால் ஒவ்வொருவரின் ஆண்டு இலக்குகளிலும் அணி முழுவதற்கும் பொதுவான ஓர் இலக்கைச் சேர்க்கும் அதிகாரம் பல மேலாளர்களிடம் இருக்கிறது. இலக்குகள் எழுதப்படும் பருவத்துக்கு முன்பே அதைக் கேட்டுவிடுங்கள்.

நீங்கள் விலகும் நாளை வந்த மாதத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். தினக்கூட்டத்தை இரண்டாம் மாதம் முதல் அணியினர் முறை வைத்து நடத்தட்டும். ரெட்ரோஸ்பெக்டிவ்வை நடத்த ஆர்வமுள்ள இருவருக்குக் கற்றுக்கொடுங்கள். பிறகு ஒரு முழு ஸ்பிரின்ட்டுக்கு வராமல் இருந்து, திரும்பி வந்ததும் என்ன நின்றுபோனது என்று பாருங்கள். நின்றுபோனவை உங்களுக்காக நடந்தவை. அவை தேவைதானா என்பதை அணியிடம் கேட்டு, தேவையென்றால் அதை நடத்தும் பொறுப்பை அணியில் ஒருவரிடம் ஒப்படையுங்கள், தேவையில்லையென்றால் விட்டுவிடுங்கள். விலகி மூன்று மாதம் ஆன பின்பு ஒருமுறை சென்று, கடைசியாக நடந்த மூன்று ரெட்ரோஸ்பெக்டிவ் தீர்மானங்களையும், வேலைகள் தொடங்கி முடிந்த தேதிகளையும், தானியங்கி சோதனைகள் ஓட எடுக்கும் நேரத்தையும் கேட்டுப் பாருங்கள். நீங்கள் சொல்லிக்கொடுக்காத ஒரு வழக்கத்தை அணி தானே உருவாக்கி வைத்திருந்தால், அதன் காரணத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த அணிக்குக் கொண்டு செல்ல அது உதவும்.